தேடிப் போகிறவள்

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழக அரசு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கியபோது, தமிழாசிரியைக்கே உரிய பழக்கதோஷத்தில் அந்தப் பெயரை எழுவாய், செயப்படுபொருள் என்று பிரித்துப் பார்த்தேன். தேடப்படுகிறவர்கள் மக்கள். தேடுவது மருத்துவம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பையிலிருந்து பிரஷர் மெஷினை எடுத்து, “தாத்தா, கையை நீட்டுங்க” என்று சொல்கிறவள் இந்தப் பெயரில் எங்குமே இல்லை. மருத்துவம் தானே நடந்து வந்துவிடுகிறது.

பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. யார் வைத்தாரோ, அவருக்குத் தமிழ்க் காது இருந்திருக்க வேண்டும். அகத்திணை வாசித்தவர்களுக்கு அந்தப் பெயரில் இன்னொரு தேடலும் கேட்கும். தலைவனோடு உடன்போக்கில் போய்விட்ட பெண்ணைத் தேடிக்கொண்டு பாலை வழியில் நடக்கிறவளாக நம் கவிதைகள் காட்டுவது பெற்ற தாயைவிடச் செவிலியைத்தான். கலித்தொகையில் முக்கோல் ஏந்திய அந்தணரை எதிர்கொண்டு, என் மகளைப் பார்த்தீர்களா என்று விசாரிக்கிறவள் அவள்தான். அப்படி மகளைத் தேடி நடந்தவளுடைய பெயரைத்தான் பிற்காலத்தில் நர்ஸ் என்பதற்குத் தமிழாக எடுத்துக்கொண்டோம். செவிலியர் என்று அரசாணையில் எழுதும்போது அதற்குள் ஒரு வளர்ப்புத்தாய் உட்கார்ந்திருக்கிறாள்.

செவிலியைப் பற்றி வகுப்பில் நாம் அதிகம் பேசாத ஒரு செய்தி உண்டு. தோழி என்பவள் செவிலியின் மகள் என்கிறது தொல்காப்பியம். தாய் தலைவியை வளர்க்கிறாள். தாயின் மகள் தலைவிக்குத் துணையாக நிற்கிறாள், தூது போகிறாள், பொய் சொல்கிறாள், பழியேற்கிறாள். பராமரிப்பு ஒரு குடும்பத்தில் தாய்வழியாக இறங்குவதை இலக்கணமே எழுதி வைத்திருக்கிறது. அகத்தில் யாருக்கும் பெயர் சுட்டுவதில்லை, அது மரபு. அதனால் செவிலிக்குப் பெயரில்லை என்று நான் புகார் சொல்லவில்லை. அவளுடைய சொந்த வீடு எது, அவளுக்கு வயதாகிக் கால் வீங்கினால் யார் பார்த்தார்கள் என்று கேட்பதற்குத் திணையும் இல்லை, துறையும் இல்லை. என் புகார் அதுதான்.

மக்களைத் தேடி மருத்துவத்தைக் குறை சொல்லவே இதை எழுதுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். 2020-இல் தமிழ்நாட்டில் எடுக்கப்பட்ட ஸ்டெப்ஸ் ஆய்வின்படி, ரத்த அழுத்தம் இருப்பவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம்தான். 2023-24-இல் அது 17 சதவீதமாக உயர்ந்தது. நூற்றில் ஏழு பதினேழாவது என்றால், எத்தனையோ வீடுகளில் பக்கவாதம் வராமல் போயிருக்கிறது, எத்தனையோ பெண்கள் படுக்கைப் பாத்திரம் தூக்காமல் தப்பித்திருக்கிறார்கள் என்று பொருள். 2024 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. முதியவர்களின் பங்கு தமிழ்நாட்டில் 2021-இல் 13.6 சதவீதம், 2031-இல் 18.2 சதவீதமாகும் என்பது அரசின் கணிப்பு. ஆஸ்பத்திரிக்கு வா என்று முதியவரை அழைத்துக்கொண்டிருக்க முடியாது. ஆஸ்பத்திரிதான் போயாக வேண்டும்.

அது போகிற விதமும் யோசித்துச் செய்யப்பட்டது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் மாத்திரையை வீட்டில் கொண்டுவந்து தருகிறவர் பெண் சுகாதாரத் தன்னார்வலர். மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து எடுக்கப்பட்டவர். படுக்கையில் இருப்பவர்களுக்கு வட்டார அளவில் வலி நிவாரண, நோய் ஆதரவுச் சிகிச்சை அளிக்கும் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வண்டியில் வருகிறார்கள். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்ளப் பைகள் தருகிறார்கள். இவர்களுக்குப் பின்னால் கிராம சுகாதாரச் செவிலியர், துணை சுகாதார நிலையம், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர். ஒருவர் பார்த்ததை இன்னொருவருக்குச் சொல்ல வேண்டும், சொன்னதைக் கைபேசிச் செயலியில் பதிய வேண்டும். குழு என்றால் இதுதான் குழு. தனியாக ஒரு டாக்டர் வந்து நாடி பிடித்துப் பார்த்துவிட்டுப் போவதைவிட இது பல மடங்கு மேல்.

ஆனால் இந்தக் குழுவின் படத்தை எந்தச் சுவரொட்டியில் வரைந்தாலும் ஒருத்தி விட்டுப்போகிறாள்.

என்னிடம் ஆய்வு செய்யும் மாணவி ஒருத்திக்கு ஊர் தாமல். காஞ்சிபுரத்திலிருந்து வேலூர்ப் பக்கம் போகிற நெடுஞ்சாலையில், பெரிய ஏரியும் வராகீசுவரர் கோயிலும் உள்ள ஊர். அவளுடைய தாத்தா ஐம்பது வருடம் பட்டு நெய்தவர். இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. மாணவி வாரத்தில் இரண்டு நாள் துறைக்கு வருவதில்லை. காரணம் கேட்டபோது அம்மாவுக்கு இடுப்பு வலி என்றாள். தாத்தாவுக்குப் பக்கவாதம், அம்மாவுக்கு இடுப்பு வலி, பேத்திக்கு வருகைப்பதிவில் குறைவு. நோய் இப்படித்தான் ஒரு வீட்டில் தலைமுறை இறங்குகிறது.

ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். தன்னார்வலர் வருகிற நாள் அது. நாற்பதை நெருங்கும் பெண். தெருவில் எல்லாருக்கும் அவர் ‘அக்கா’. பிரஷர் பார்த்தார், விரலில் குத்திச் சுகர் பார்த்தார், மாத்திரையை எண்ணிக் கொடுத்தார், போனில் பதிந்தார். போகிற போக்கில், “பெரியவருக்கு இடுப்புக்குக் கீழ செவந்திருக்கான்னு பாத்துக்கோங்க” என்று மருமகளிடம் சொல்லிவிட்டுப் போனார். அடுத்தடுத்த நாட்களில் இயன்முறை மருத்துவர் வருவார், சிறுநீர்க் குழாயை மாற்றச் செவிலியர் வருவார். மாணவி கணக்குப் போட்டு வைத்திருந்தாள். குழுவில் இருக்கும் எல்லாரும் ஒரு மாதத்தில் அந்த வீட்டில் செலவிடும் நேரம் மொத்தமாக மூன்று மணிக்குள் வருகிறது. அது அவர்கள் குற்றமில்லை, வட்டாரம் முழுக்க அவர்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. மாதத்துக்கு எழுநூற்று இருபது மணி நேரம். மூன்று போக மிச்சம் எழுநூற்றுப் பதினேழு.

அந்த எழுநூற்றுப் பதினேழு மணி நேரமும் அந்த வீட்டின் மருமகள்தான் குழு. படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் போடுகிறவள் அவள். அதற்காக இரவிலும் எழுந்திருக்கிறாள். சிறுநீர்ப் பையில் நிறம் மாறினால் முதலில் தெரிவது அவளுக்கு. இயன்முறை மருத்துவர் ஒருமுறை காட்டிக்கொடுத்த பயிற்சியை மிச்ச நாளெல்லாம் செய்யவைப்பதும் அவள்தான். யாரை எப்போது போனில் கூப்பிட வேண்டும், எந்தச் சீட்டை யாரிடம் காட்ட வேண்டும், ஒருவர் சொன்னதை அடுத்தவருக்கு எப்படிச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அவள் தலையில் இருக்கிறது. ஒருங்கிணைப்பு என்று அறிக்கைகள் சொல்வது அங்கே அடுப்படிக்கும் திண்ணைக்கும் நடுவில், பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே நடக்கிறது. உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “எனக்கென்ன மேடம், நான் வீட்டுலதான இருக்கேன்” என்றார். சொல்லும்போது கை தார் சுற்றிக்கொண்டிருந்தது.

தாத்தாவின் ஆஸ்பத்திரிச் சீட்டை மாணவி எடுத்துக் காட்டினாள். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே முக்கியமில்லை, எல்லா இடத்திலும் அப்படித்தான். நோயாளியுடன் இருப்பவர் என்ற இடத்தில் மகன் பெயர் இருந்தது. மகன் காலையில் கிளம்பி வேலைக்குப் போய் இரவு திரும்புகிறவர். கெட்டவர் இல்லை, அப்பாவைத் தூக்கிக் குளிக்கவைக்க வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை இருக்கிறார்.

அந்த வீட்டில் இன்னும் தறி இருக்கிறது. தறி வீட்டில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்ல வருவது விளங்க நேரமாகாது. கோர்வைச் சேலையை ஒரே ஆள் நெய்ய முடியாது. உடலுக்கு ஒரு நிறம், இரண்டு கரைக்கும் வேறு நிறம், மூன்று நாடா. நெசவாளர் குழியில் கால் வைத்து உட்கார்ந்திருக்க, அந்தப் பக்கத்துக் கரைக்கு நாடா எறிய இன்னொருவர் உட்கார வேண்டும். முன்பு வீட்டுப் பிள்ளைகளை உட்காரவைத்தார்கள், பிறகு மனைவியை. தார் சுற்றுவது, அறுந்த இழையைப் பிணைப்பது, பாவு போடக் கூட நிற்பது என்று சேலையின் பாதி வேலை பெண்கள் கையில். கூலி மட்டும் சேலைக்கு இவ்வளவென்று நெசவாளர் கையில். அவரைத்தான் நெசவாளர் என்கிறோம். மற்றவர்கள் ‘ஒத்தாசை’. கோர்வை என்ற சொல்லே கோத்தல், சேர்த்தல். சேர்த்து நெய்தவளைச் சேர்த்து எண்ணத் தெரியாத ஊரில், சேர்ந்து செய்யும் மருத்துவத்தில் மட்டும் அவளை எண்ணிவிடுவார்களா?

கணக்கு எடுக்காமலும் இல்லை. 2024-இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள்; அதே வேலையில் கைவைக்கும் ஆண்கள் 88 நிமிடம். வீட்டிலுள்ளவர்களைப் பராமரிப்பது இதற்கு மேல் தனிக்கணக்கு. நிமிடமாக எண்ணியாகிவிட்டது. அந்த நிமிடங்கள் சுகாதாரத் துறையின் வரவுசெலவுக்குள் வருவதற்கு மட்டும் வழியில்லை.

குழுவுக்கு வெளியே நிற்பவள் மருமகள். குழுவுக்குள்ளேயே வாசற்படியில் நிறுத்தப்பட்டிருப்பவர் அந்த அக்கா. அவருக்கு அரசு வைத்திருக்கும் பெயர் தன்னார்வலர். தன் ஆர்வத்தால் வருகிறவர். ஆர்வம் தன்னுடையது என்றால் இத்தனை வீடு, இத்தனை பேர் என்ற இலக்கு யாருடையது? வராத நாளுக்குக் காரணம் கேட்பது எதற்கு? ஆர்வலருக்குச் சம்பளம் கிடையாது, ஊக்கத்தொகை உண்டு. தொடக்கத்தில் மாதம் 4,500 ரூபாய், பிறகு 5,500. மாநிலம் முழுக்க இந்த வேலையில் இருப்பவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல், அத்தனை பேரும் பெண்கள். ஊக்கமுடைமை வள்ளுவரின் அறுபதாவது அதிகாரம், அரசனுக்கும் அரசை நடத்துகிறவர்களுக்கும் சொன்னது. அந்தச் சொல்லை எடுத்துத் தொகையோடு ஒட்டி, ஊதியம் என்ற சொல்லைக் கொடுக்காமலிருப்பதற்கான ஏற்பாடாக ஆக்கியிருக்கிறோம். குறளில் ஊதியம் என்றால் ஆதாயம். ஆதாயம் யாருக்கு என்று கேட்டால் விடை எளிது.

இது வெறும் சொல்லாராய்ச்சி என்று தோன்றினால், 2022 ஏப்ரல் 25 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைப் பார்க்கலாம். அங்கன்வாடி ஊழியர்களும் உதவியாளர்களும் பெறுவது மதிப்பூதியம்தான், கூலி அல்ல, ஆகவே அவர்களுக்குப் பணிக்கொடை கிடையாது என்று வாதிடப்பட்டது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அவர்கள் பெறுவதும் பணிக்கொடைச் சட்டத்தின்படி ஊதியமே என்றது. நாற்பது வருடமாக ஒரு சொல்லுக்குப் பின்னால் நிறுத்திவைக்கப்பட்டிருந்த பணம் அது. கேரளத்தில் 2025 பிப்ரவரி 10 அன்று ஆஷா பணியாளர்கள் திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தின் முன்னால் உட்கார்ந்தார்கள். மாதம் 7,000 ரூபாய் மதிப்பூதியத்தை 21,000 ஆக்கச் சொல்லி மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். சிலர் தலைமுடியை வெட்டிப் போட்டார்கள். மூன்று வருடத்துக்கு முன்புதான் உலக சுகாதார நிறுவனம் நாட்டின் ஆஷாக்களுக்கு விருது கொடுத்திருந்தது. விருது கொடுக்கும்போது இவர்கள் சுகாதாரத் துறையின் முதுகெலும்பு, சம்பளம் கேட்கும்போது தொண்டர்கள்.

பணத்தை விட்டு, தொடுதலுக்கு வருகிறேன். கையில் பட்டையைக் கட்டிப் பிரஷர் பார்க்க வேண்டுமானால் இன்னொருவர் கையைத் தொட்டாக வேண்டும். நம் ஊர்களில் தெருவுக்குத் தெரு தொடுதலுக்கு விதி இருக்கிறது. எந்தத் தெருப் பெண் எந்த வீட்டில் திண்ணை வரைக்கும் வரலாம், எந்த வீட்டில் கட்டில் வரைக்கும் வரலாம், எங்கே தண்ணீர் கொடுப்பார்கள், எந்தக் குவளையில் கொடுப்பார்கள் என்பதெல்லாம் பயிற்சிக் கையேட்டில் இருக்காது. இந்தத் திட்டம் தெரிந்தோ தெரியாமலோ அந்த விதிக்குள் ஒரு பெண்ணின் கையை நுழைத்திருக்கிறது. காய்ச்சலில் கிடக்கும் உடம்பு சாதி பார்ப்பதில்லை என்று சிலர் சொல்வார்கள். அது பொய். நன்றாகவே பார்க்கும், ஒரு வாரம் பார்க்கும். அப்புறம் புண்ணைக் கழுவ ஆள் வேண்டுமே என்று இறங்கி வரும். அந்த ஒரு வாரத்தில் அவமானத்தை விழுங்கிக்கொண்டு திரும்பத் திரும்பப் படியேறுகிறவள்தான் அந்த விதியை அசைக்கிறாள். அசைத்ததற்கு ஊக்கத்தொகையில் தனி வரி கிடையாது.

படுக்கையில் இருப்பது கிழவியாக இருந்தால் கதை இன்னும் வேறு. தாத்தாவைப் பார்த்துக்கொள்ள ஒரு மனைவி, இல்லாவிட்டால் மருமகள், அதுவும் இல்லாவிட்டால் மகள் என்று வரிசை இருக்கிறது. கணவனைவிட வயதில் இளையவளாகக் கட்டிக்கொடுக்கப்பட்டு, அவனைக் கடைசிவரை பார்த்து அனுப்பிவைத்தவளுக்குத் தன் முறை வரும்போது வரிசை காலியாக இருக்கும். “நான் நல்லாத்தான் இருக்கேன், அவங்களைப் பாருங்க” என்று கையை நீட்ட மறுக்கும் பாட்டிகளைப் பற்றித் தன்னார்வலர் அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அறுபது வருடம் எல்லாரும் சாப்பிட்ட பிறகு சாப்பிட்டவள், பிரஷர் பார்ப்பதிலும் கடைசியாகத்தான் உட்காருவாள்.

இலக்கியம் இங்கே நமக்கு என்ன செய்திருக்கிறது? முதுமையைப் பாடிய பழைய கவிதைகளில் தலையானது புறநானூற்றின் 243-ஆவது பாட்டு. இளமையில் ஆற்று மடுவில் குதித்து ஆடியதை நினைத்துக்கொண்டு, இன்று இருமலுக்கு நடுவே சொல் உடைந்து நடுங்கும் ஒரு முதியவர் பேசுகிறார். அவர் ஊன்றிய தடி பாட்டில் அத்தனை அழுத்தமாக இருப்பதால் புலவருக்கே அந்தத் தடியால் பெயர், தொடித்தலை விழுத்தண்டினார். வருடா வருடம் நடத்தும்போது நானும் உருகித்தான் நடத்துகிறேன். அந்தப் பாட்டில் தடி இருக்கிறது, கை இல்லை. அந்த நடுங்கும் உடம்பை எழுப்பி உட்காரவைத்த கை, வாயில் கஞ்சி ஊற்றிய கை. முதுமை ஓர் ஆணின் ஏக்கமாக நம் கவிதையில் நிலைத்திருக்கிறது. யாரோ ஒருத்தியின் வேலையாக நிலைக்கவில்லை.

தமிழில் அண்மையில் இந்த இடத்துக்குப் பக்கத்தில் வந்தது பிரியா கிருஷ்ணசாமி இயக்கிய ‘பாரம்’ திரைப்படம். 2018-ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. இரவுக் காவலாளி வேலை பார்க்கும் முதியவர் விபத்தில் இடுப்பு எலும்பு முறிந்து படுக்கிறார். மகன் ஊருக்கு அழைத்துப் போகிறான். தலைக்கூத்தலில் கதை முடிகிறது. கொலை என்று அதைச் சரியாகவே பெயரிட்டது படம். பார்த்தவர்களில் பலர் மகனின் கல்நெஞ்சைப் பற்றிப் பேசினார்கள். நான் யோசித்துக்கொண்டிருந்தது இடுப்பெலும்பைப் பற்றி. முறிந்த இடுப்பு மாதக்கணக்கான வேலை. புரட்ட ஆள், கழுவ ஆள், நடக்கவைக்க ஆள். அந்த வேலைக்கு வெளியிலிருந்து யாரும் வராத ஊரில், முதியவர் ‘பாரம்’ ஆவது மனம் கெட்டதால் மட்டும் இல்லை. தலைக்கூத்தலைப் பற்றிப் பேசுகிறவர்கள் இயன்முறை மருத்துவரைப் பற்றியும் பேச வேண்டும்.

பராமரிப்பவளின் கையை நாவலின் நடுவில் வைத்த ஒருவர் ஜப்பானின் சவாகோ அரியோஷி. 1972-இல் வந்த அவருடைய ‘கோகோட்சு நோ ஹிதோ’ என்ற நாவலில் அகிகோ வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண். மாமியார் திடீரென்று இறந்துபோக, மறதி நோய் முற்றிய மாமனார் அவள் பொறுப்பில் விழுகிறார். ஒருகாலத்தில் அவளை வதைத்த மனிதர். பெற்ற மகனையும் மகளையும் அடையாளம் தெரியாமல் போன பிறகும் மருமகளை மட்டும் அவருக்குத் தெரிகிறது. எவ்வளவு கொடூரமான நகைச்சுவை! கணவன் அருகிலேயே இருக்கிறான், வருத்தப்படுகிறான், எழுந்து வருவதில்லை. பத்து லட்சத்துக்கு மேல் விற்ற நாவல் அது. படித்த ஜப்பானியப் பெண்கள் அழுதுவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிடவில்லை. கெய்கோ ஹிகுச்சி போன்றவர்கள் 1983-இல் முதுமைக்காகவே ஒரு பெண்கள் சங்கம் தொடங்கினார்கள். மருமகளின் தலையில் கட்டப்பட்ட வேலையைச் சமூகத்தின் வேலையாக ஆக்கு என்று கேட்டார்கள். 2000 ஏப்ரலில் ஜப்பானில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு நடைமுறைக்கு வந்ததில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்தச் சட்டம் உருவானபோது நடந்த ஒரு விவாதம் நம் மாணவிகள் தெரிந்துகொள்ள வேண்டியது. ஜெர்மனி 1995-இல் கொண்டுவந்த காப்பீட்டில், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்துக்குப் பணமாகவும் கொடுத்தார்கள். ஜப்பானியப் பெண்ணியவாதிகள் பணம் வேண்டாம் என்றார்கள், ஆள் அனுப்பு என்றார்கள். பணம் வந்தால் அது வீட்டுத் தலைவன் கைக்குப் போகும், ‘அதான் காசு வருதே’ என்று மருமகள் இன்னும் இறுக்கமாகக் கட்டிலோடு கட்டப்படுவாள் என்பது அவர்கள் வாதம். நான் அவர்கள் பக்கம். எங்கள் பெண்ணியக் கூட்டங்களில் இல்லத்தரசிக்கு ஊதியம் என்ற கோரிக்கை வரும்போதெல்லாம் எனக்கு இந்த விவாதம் நினைவுக்கு வந்து நாக்கை இழுத்துப் பிடிக்கும். தாமல் மருமகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாயைவிட வாரம் இரண்டு முழுப் பகல் தேவை. அவள் இல்லாமலேயே தாத்தாவைப் புரட்டிப்போடத் தெரிந்த ஒரு ஆள், சம்பளத்துக்கு வரும் ஆள், ஆணாக இருந்தாலும் நல்லதே, வீட்டில் இருக்கும் இரண்டு பகல்.

நம் சட்டம் போன திசை வேறு. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007-இல் பொறுப்பாளியாக வைத்தது மகன், மகள், பேரன், பேத்தியை. 2019-இல் மக்களவையில் கொண்டுவரப்பட்ட திருத்த மசோதா, முதியோருக்கு வீட்டுக்கே வந்து பராமரிப்புத் தரும் நிறுவனங்களை ஒழுங்குபடுத்தப் பேசியது. வரவேற்க வேண்டிய விஷயம். அதே மசோதா பராமரிக்கக் கடமைப்பட்டவர்கள் பட்டியலில் மருமகளையும் மருமகனையும் சேர்த்தது. மசோதா சட்டமாகவில்லை. ஆனால் அந்த எண்ணத்தைக் கவனியுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் பெயரில்லாதவள், தறிக்கூலியில் பெயரில்லாதவள், சொத்துப் பத்திரத்தில் அநேகமாகப் பெயரில்லாதவள் கடமை என்று வரும்போது மட்டும் பெயர் சொல்லி அழைக்கப்படுகிறாள். மருமகனையும் சேர்த்தார்களே என்பீர்கள். மாமியாருக்குப் படுக்கைப் பாத்திரம் வைத்த மருமகன் ஒருவரை நீங்கள் பார்த்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள், அவரைப் பற்றி ஒரு கவிதை எழுதுகிறேன்.

கேரளம் நமக்கு ஜப்பானைவிடப் பக்கம். 1993-இல் கோழிக்கோட்டில் வலி நிவாரண மருத்துவமாகத் தொடங்கியது, ஊர்க்காரர்களும் சேர்ந்து வீடு வீடாகப் போகும் இயக்கமாக வளர்ந்து, 2008-இல் மாநில அரசின் கொள்கையாயிற்று. பஞ்சாயத்தே செவிலியரை அமர்த்தி வீட்டுக்கு அனுப்புகிறது. அங்கே ஊர்த் தொண்டர்களில் ஆண்களும் உண்டு, கடைக்காரர்களும் ஆட்டோ ஓட்டுபவர்களும் உண்டு. ஆனாலும் அங்கே ஆஷாக்கள் தெருவில் உட்கார வேண்டி வந்தது என்பதை மறந்துவிட்டுக் கேரளத்தைக் கும்பிட வேண்டாம். நெதர்லாந்தில் 2006-இல் யோஸ் டி பிளாக் என்ற செவிலியர் தொடங்கிய ‘பியூட்சார்க்’ அமைப்பில் பன்னிரண்டு பேருக்கு மிகாத செவிலியர் குழு தன் வேலையைத் தானே திட்டமிடுகிறது; மேலாளர் இல்லை. எந்த வீட்டில் எவ்வளவு நேரம் உட்கார வேண்டும் என்று வீட்டுக்குப் போகிறவளே முடிவு செய்வதை நினைத்துப் பார்க்கிறேன். தாமல் அக்காவிடம் அந்த முடிவைக் கொடுத்தால் எந்த வீட்டில் அதிக நேரம் உட்காருவார் என்று அவரிடமே கேட்டேன். கொஞ்சமும் யோசிக்காமல் மூன்று வீடு சொன்னார். மூன்றிலும் பிரச்சினை படுத்திருப்பவருக்கு இல்லை, பார்த்துக்கொள்பவருக்கு. ஒருத்தி தூங்கியே பல நாளாகிறது, ஒருத்தி யாரிடமும் பேசுவதில்லை, மூன்றாமவளுக்குத் தன் சர்க்கரையைப் பார்க்கக் கை நீட்ட நேரமில்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது. பதிவதற்குத்தான் இடமில்லை.

என் மாணவியின் ஆய்வேட்டுக்குத் தலைப்பு அகப்பாடல்களில் செவிலி கூற்று. மூன்றாம் இயல் நான்கு மாதம் தாமதம். நெறியாளராக நான் கடிந்துகொள்ள வேண்டியவள். “செவ்வாய்க்கிழமை பிசியோ வர்றாங்க மேடம், அன்னைக்கு அம்மாவைக் கூட்டிட்டுப்போய் அவங்க இடுப்பைக் காட்டணும். முடிச்சுட்டு உக்காந்து எழுதிடுறேன்” என்கிறாள். செவிலியின் மகள் தோழி என்ற பகுதியை அவள் இன்னும் தொடவில்லை.